கார்பைடுக்கு எண்ணெய் எதற்கு

எங்கள் ஊரில் யாராவது தோட்டா நிரப்பும் கார்பைடு அச்சுக்கு எண்ணெய் தேவையா என்று கேட்டால், கேட்டவரை மார்வா டில்லட்சனிடம் அனுப்பிவைப்பார்கள். பதில் தெரியாமல் அல்ல, வேடிக்கை பார்க்கத்தான். துப்பாக்கிச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த அப்பாவி யாராவது போய்க் கேட்பார். மார்வா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்ப்பாள்.

"ஐஸ் மேல வெண்ணெய் தடவுவியா நீ?"

"இல்லம்மா."

"அப்புறம் கார்பைடுக்கு மட்டும் எதுக்கு எண்ணெய்? வீட்டுல மிச்சம் இருந்தா உருளைக்கிழங்கைப் பொரிச்சுத் தின்னு."

அவள் சொல்வது சரிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு கொஞ்சம் உப்பிப் போயிருக்கும். அதை மறுபடி நிரப்ப வேண்டுமென்றால் பிரஸ்ஸில் வைத்து, கைப்பிடியை இழுத்து, ஒரு அச்சுக்குள் ஏற்றிப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். எஃகு அச்சாக இருந்தால் கூட்டுக்கு எண்ணெய் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனது வெளியே வராது. கார்பைடு என்கிற கடும் உலோகத்தில் வளையம் வைத்த அச்சு அப்படியில்லை. அவ்வளவு கடினம், அவ்வளவு வழவழப்பு. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்கும் ரிவால்வர் கூடு எண்ணெயே இல்லாமல் அதில் ஏறி இறங்கிவிடும். கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூடுகளுக்கு மட்டும் அச்சு எதுவானாலும் எண்ணெய் வேண்டும். அதை மார்வாவும் ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொள்ளும்போது முகத்தைச் சுளித்துக்கொள்வாள்.

ஐடஹோ மாநிலத்தின் எங்கள் மூலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் மார்வா. ஐம்பத்தைந்தைத் தாண்டியவள். பனி கொட்டினாலும் புழுதி பறந்தாலும் அவள் வண்டி நேரத்துக்கு வரும், பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் டெல் வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கிறவன், பேசுவதைக்கூட அளந்துதான் திறந்துவிடுவான். வியாழன் மாலை பெண்கள் ரிவால்வர் போட்டி நடக்கும். அதில் மார்வாவை அடிக்க ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள், மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

எண்ணெய் மேல் அவளுக்கு அப்படி என்ன பகை என்று கேட்டால், அதற்கும் கதை உண்டு. எஃகு அச்சு வைத்திருந்த காலத்தில் ஒரு முறை மாவட்டப் போட்டிக்குப் போனாள். கூடுகளின் எண்ணெயைத் துடைத்தபோது ஒன்று தப்பிவிட்டது. உள்ளே வெடிமருந்து நமத்துப்போய், குண்டு பாதிக் குழலிலேயே நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் நடுவர் அவள் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி வைத்துவிட்டார். "பஸ் ஏற்றத்துல நின்னுடுச்சு போல" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அந்த ஆண்டே விலை கூடுதலானாலும் பரவாயில்லை என்று கார்பைடு அச்சு வாங்கினாள். அதன்பின் எண்ணெய் என்றாலே அவளுக்கு ஆகாது. கேலிக்கு ஆளானவர்கள் கேலி செய்வதை நிறுத்திவிடுவார்கள் என்று யாராவது நினைத்தால் மார்வாவை வந்து பார்க்கட்டும்.

அவளுடைய ஒரே சிநேகிதி ஜோலீன் ஸ்டோக்ஸ். உருளைக்கிழங்குக் கிடங்கில் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்று கல்லையும் அழுகலையும் பொறுக்கிப் போடும் வேலை அவளுக்கு. பல வருஷமாகச் செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் மார்வாவின் கராஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்புவார்கள். கைப்பிடி இழுப்பது ஜோலீன், மருந்து அளந்து போடுவது மார்வா. வேலையை அப்படிப் பிரித்தது மார்வாதான். மருந்து விஷயத்தில் அவள் கடவுளையே நம்பமாட்டாள், ஜோலீனையா நம்புவாள்.

அந்த மாலைகளுக்காகத்தான் மார்வா வாரத்தை ஓட்டினாள் என்று சொன்னால் தப்பில்லை. டெல்லிடம் சொல்லாததையெல்லாம் அங்கே கொட்டுவாள். எந்தப் பிள்ளையின் அப்பா குடித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார், பாதிரியாரின் மனைவி யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள், எல்லாம். ஜோலீன் கைப்பிடியை இழுத்துக்கொண்டே "ஆமாண்டி", "அவ கிடக்கிறா விடு" என்று ஏற்ற இடத்தில் ஏற்றதைச் சொல்வாள்.

போன வசந்தத்தில் ஒரு நாள் கைப்பிடியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜோலீன் கேட்டாள்.

"ஏண்டி, சும்மா ஒரு வாசனைக்கு எண்ணெய் காட்டினா இழுக்க லேசா இருக்கும்ல?"

"உனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லு. பாவம் கார்பைடு மேல ஏன் பழி போடற?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு ஜோலீன் மறுபடி இழுத்தாள். மார்வா அதை அத்தோடு மறந்தும் விட்டாள்.

கோடையில் கிரெட்சன் வந்து சேர்ந்தாள். பாய்ஸி நகரத்தில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காலி வீட்டை வாங்கிக் குடிவந்தவள், வந்த மாதமே வியாழன் போட்டியில் சேர்ந்தாள். நன்றாகவும் சுட்டாள், அது முதல் குற்றம். ஜோலீன் சொன்ன எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அது இரண்டாவது. ஜோலீன் அவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று மார்வாவுக்கே அன்றுவரை தெரியாது. மார்வாவின் கராஜில் பேச்சு முழுக்க அவளுடையதாகவே இருந்ததால் தெரிய வாய்ப்பும் இல்லை.

"யாருடி அந்தப் பல் டாக்டரம்மா, இப்படி இளிக்கிறா?" என்று மார்வா கேட்டாள்.

"டாக்டர் இல்லடி, பல் சுத்தம் பண்றவ. நல்லவதான்."

"பல்லைக் காட்டறதுலேயே தெரியுது."

அதன்பின் செவ்வாய்க்கிழமைகள் ஆட்டம் கண்டன. ஒரு வாரம் ஜோலீனுக்குத் தலைவலி. அடுத்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் கிடங்கில் கூடுதல் நேர வேலை. மார்வா தனியாகக் கராஜில் உட்கார்ந்து கைப்பிடியையும் இழுத்து மருந்தையும் போட்டாள். டெல் எட்டிப் பார்த்தான்.

"ஜோலீன் வரலியா?"

"கண்ணு தெரியலியா உனக்கு?"

டெல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

விஷயம் வெளிப்பட்டது பேருந்திலிருந்துதான். கால்வாய்ப் பாலம் தாண்டி ஒரு நிறுத்தம் உண்டு. அறுவடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், பிள்ளைகளை இறக்கிவிட நிறுத்தியவள் கிரெட்சனின் வீட்டு வாசலைப் பார்த்தாள். ஜோலீனின் நீலப் பிக்கப் வண்டி நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை. காலையில்தான், இன்றும் கூடுதல் வேலை, வரமுடியாது என்று ஜோலீன் போனில் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் இறங்கி, சாலையைக் கடந்து, வீட்டுக்குள்ளும் போய்விட்டார்கள். மார்வா சிவப்பு விளக்கை அணைக்காமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரியும்வரை பள்ளிப் பேருந்தை யாரும் தாண்டக்கூடாது என்பதால், பின்னால் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றன. பேருந்து ஏன் நகரவில்லை என்று லாரிக்காரர்கள் யாருக்கும் புரியவில்லை. அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது, அதற்கும் ஒரு விளக்கு இருந்திருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

வேறு பெண்ணோடு டெல்லைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு பற்றி எரிந்திருக்குமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழனன்று போட்டியில் மார்வா தோட்டா தீர்ந்தது போல் நடித்து, ஜோலீனின் பெட்டியிலிருந்து கொஞ்சம் கேட்டு வாங்கினாள். தோட்டா விரலில் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பின் வாசனை. அதைச் சாராயத்தில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கூடுகள்மேல் அடிப்பார்கள், அந்த வாசனையை ஆயிரம் பேர் நடுவிலும் மார்வா கண்டுபிடிப்பாள். அவளுடைய ஜோலீனைக் கூட்டிப்போய் உட்காரவைத்தது போதாதென்று, எண்ணெயும் பூச வைத்துவிட்டாள் அந்தப் பாவி.

அன்று வீட்டுக்கு வந்தவள் இரவுச் சாப்பாட்டை டெல்லின் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"கார்பைடுக்கு எண்ணெய் போடறா அவ."

"யாரு?"

"பல் டாக்டரம்மா. இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்தது எல்லாம் போச்சு. ஒரே கோடையில ஜோலீனைக் கெடுத்து வச்சிருக்கா."

டெல் கிழங்கை வெட்டிக்கொண்டே யோசித்தான். "எண்ணெய் போட்டா கெட்டுப்போயிடுமா?"

"கெடாது. தேவையில்ல."

"அப்ப சரி" என்றான் டெல். ஏதோ தீர்ந்துவிட்டது போல் அவன் சாப்பிட ஆரம்பித்ததில் மார்வாவுக்கு அவன்மேலும் கோபம் வந்தது.

பருவத்தின் கடைசிப் போட்டி முடிந்ததும் வருகிற சனிக்கிழமை சங்கக் கூடத்தில் விருந்து நடக்கும். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவார்கள். எல்க் மான் இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, பாலாடைக்கட்டி உருக்கிய கிழங்கு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவியது. மார்வா அன்று தட்டோடு போய்க் கிரெட்சனும் ஜோலீனும் இருந்த மேசையிலேயே உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"கிரெட்சன், உன்கிட்ட இருக்கிறது கார்பைடு அச்சுதானே?"

"ஆமா, கார்பைடுதான்."

"முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வருக்குத்தானே?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, கூடெல்லாம் கொழுப்பு வாசனை அடிக்குதே, அதான் கேட்டேன். தேவையா அது?"

கிரெட்சன் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். ஜோலீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவையில்ல" என்றாள் கிரெட்சன். "ஆனா போட்டா இழுக்க லேசா இருக்கும். துடைச்சுட்டா ஒரு கெடுதலும் இல்ல."

"லேசா இருக்கணுமாம்" என்று மார்வா பக்கத்து மேசைகளைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்குங்க எல்லாரும். ஒரு கைப்பிடி இழுக்கத் தெம்பில்லாதவங்களுக்கு எதுக்கு ரிவால்வர்? பின்னல் ஊசி எடுத்துட்டு மூலையில உட்கார வேண்டியதுதானே. நகத்துல சாயம் போயிடுமேன்னு கவலையா இருந்தா, கை வலிக்காம இழுத்துத்தர ஒரு ஆளை வச்சுக்க."

கூடம் சிரித்தது. மார்வா பேசினால் சிரித்துவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். கிரெட்சன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, ஜோலீனைத்தான் பார்த்தாள். ஜோலீன் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக எழுந்து, கோட்டை எடுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்து மறு பக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். அவள் கொண்டுவந்த கேக் வெட்டாமல் அப்படியே இருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று மார்வாவுக்குத் தோன்றியது, கொஞ்ச நேரத்துக்கு. அந்த மிதப்பில் அவள் குழம்பை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் கிரெட்சன் அவளைப் பிடித்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"நான் எண்ணெய் போடறதில்ல" என்றாள்.

"என்ன?"

"என் கூட்டுக்கு நான் எண்ணெய் போடறதே இல்ல. கார்பைடுக்குத் தேவையில்லன்னு எனக்கும் தெரியும். அந்தப் புட்டியை நான் வாங்கினது ஜோலீனுக்கு. அவ தோள் ஜவ்வு கிழிஞ்சுபோயிருக்கு. பெல்ட்டுல நின்னு நின்னு வந்தது. ஒவ்வொரு தடவை கைப்பிடி இழுக்கிறப்பவும் பல்லைக் கடிச்சுப்பா. எண்ணெய் அடிச்சா பாதி பலம் போதும்."

மார்வா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏன் அவ சொல்லல?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. மார்வா சிரிப்பாள்னு சொன்னா. நீ அவ்வளவு மோசமா இருக்கமாட்டேன்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன்." கிரெட்சன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். "சத்தியத்தை உடைச்சுட்டேன். பரவாயில்ல, இன்னிக்கு இங்க உடைஞ்சதுல இது சின்னது."

அவள் போன பிறகு மார்வா கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். வசந்தத்தில் கராஜில் ஜோலீன் கேட்டது நினைவுக்கு வந்தது, தான் சொன்னதும். வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், வெட்கத்தைவிட மேலே நின்றது பொறாமைதான். தோள் வலி முதலில் போய்ச் சேர்ந்தது கிரெட்சனிடம். இத்தனை வருஷம் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதது, கோடையில் வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி வாசலில் நின்றதை, எண்ணெய் வாசனையைக்கூட மன்னித்துவிடலாம். இதை அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை, சர்ச்சுக்குப் போகாமல் ஜோலீனின் வீட்டுக்குப் போனாள். ஜோலீன் கொட்டகை முன்னால் பனி தள்ளும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பனி விழுமுன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. கயிற்றை இடது கையால் இழுத்தாள். இடது கைக்கு அது வரவில்லை. மெஷின் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. மார்வாவைப் பார்த்தும் ஜோலீன் நிமிரவில்லை.

"தள்ளு, நான் இழுக்கறேன்."

"வேணாம். எனக்குத் தெம்பில்லதான், மெஷின் ஓடலேன்னா பின்னல் ஊசி எடுத்துக்கறேன்."

மார்வா பேசாமல் நின்றாள். மார்வா பேசாமல் நிற்பதை ஜோலீன் அதிகம் பார்த்ததில்லை, அதனால் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தத் தோள்?" என்று மார்வா கேட்டாள்.

"வலது."

"எப்போலேர்ந்து?"

"பனி உருகினப்பலேர்ந்து. ஆபரேஷன் பண்ணணுங்கறாரு டாக்டர். கிழங்கு சீசன் முடியட்டும்னு இருக்கேன்."

"நேத்து நான் பேசினது அவளைத்தான். உன்னை இல்ல."

"தெரியும். அவமேல எறிஞ்ச, என்மேல விழுந்துச்சு." ஜோலீன் கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். "அவளை ஏண்டி உனக்குப் பிடிக்கல? அவ உன்னை என்ன பண்ணினா?"

இதுவரை யாரிடமும் சொல்லாததை மார்வா சொன்னாள்.

"உன் வண்டி அவ வாசல்ல நின்னுச்சு. செவ்வாய்க்கிழமை. பொறாமை எனக்கு, போதுமா? தூக்கமே வரல." பிறகு குரல் தாழ்ந்தது. "அவகிட்ட சொன்ன. என்கிட்ட சொல்லல. நேத்து வந்தவடி அவ."

"நேத்து வந்தவங்கறதாலதான் சொன்னேன்" என்றாள் ஜோலீன். "அவ என்னைப் பத்தி என்ன நினைச்சா எனக்கென்ன? முதல் நாளே அவ கராஜுல உட்கார்ந்து அழுதேன். துடைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். உன் முன்னால அழ முடியாது மார்வா. நீ என்ன நினைப்பேங்கறது எனக்குப் பெரிசு. எப்பவுமே பெரிசு. அதனாலதான் வலியோட இழுத்துக்கிட்டிருந்தேன்."

கோடை முழுக்க மார்வா கேட்க ஏங்கிய வார்த்தை இதுதான். ஜோலீனுக்கு எல்லோரையும்விட அவள் பெரிது. கேட்டும் ஆகிவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. ஜோலீனுக்கு ஒரு பொருட்டே இல்லாத அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு மறுபடியும் பொறாமை வந்தது, முன்பைவிட அதிகமாக. அந்தக் கராஜில், பல்லைக் கடிக்காமல், அழுகையை மறைக்காமல் ஜோலீன் உட்கார்ந்திருந்ததை அவள் நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு ஜோலீனை அவள் பார்த்ததே இல்லை.

அவள் குனிந்து கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தாள். மெஷின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்தாள்.

"இந்தச் செவ்வாய்க்கிழமை வருவியா? கூட்டுக்கு எண்ணெய் நானே அடிச்சு வைக்கறேன். கைப்பிடியும் நான் இழுத்துக்கறேன், நீ மருந்து போடு."

மருந்து போடு என்று மார்வா சொன்னதைக் கேட்டு ஜோலீனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனாலும் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை அங்க போறேன்னு சொல்லிட்டேன்டி. அவளும் தனியா இருக்கிறவ."

மார்வா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சாலையில் சர்ச்சுக்குப் போகிற வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நானும் அங்க வரட்டுமா?"

ஜோலீன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். சரி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று மார்வா நினைத்தாள்.

"அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் ஜோலீன்.